தட்டினால் விட்டுவிடும் கை

கொர்லகுண்டா, திருப்பதி
29.6.2025, ஞாயிறு

அன்புள்ள கன்னிகாவுக்கு,

நரசிம்மன் எழுதுவது. இங்கே நான் நலம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், அதனால் எழுதிவிட்டேன். உன் கை எப்படி இருக்கிறது? தையல் பிரித்துவிட்டார்களா? அந்த இரண்டு விரலும் மடங்குகிறதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ நினைப்பாய். தபால் ஆபீசில் உறை கேட்டபோது கவுண்டரில் இருந்த அம்மாள்கூட என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கோர்ட்டு கேஸா என்று தெலுங்கில் விசாரித்தார். வேறு என்ன செய்வது? நீ உன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து எப்போது போன் போட்டாலும் பத்மினிதான் எடுக்கிறாள். அக்கா தூங்கிக்கினு கீறா மாமா என்கிறாள். காலை பதினொரு மணிக்கும் தூங்குகிறாய், சாயங்காலம் ஐந்து மணிக்கும் தூங்குகிறாய். உன் தங்கைக்குப் பொய் சொல்ல வரவில்லை, சொல்லும்போதே குரல் தேய்கிறது. நேற்று உன் அம்மா போனை வாங்கிப் பேசினார். அவ வாயத் தொறக்கறதே இல்லப்பா, ரெண்டு வாய் துன்னுட்டு எழுந்து போயிடறா என்றார். அதைக் கேட்டபிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

அறையில் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. உன் செக்யூரிட்டி யூனிஃபார்மை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன். அன்று நீ கட்டியிருந்த பச்சைப் புடவையை மூன்று முறை துவைத்தேன். கறை கொஞ்சம் மங்கியிருக்கிறது, போகவில்லை. கேட்டில் உன்னோடு நிற்கிற சபீனாவை வழியில் பார்த்தேன். ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ் இன்னும் காலையில் நம் தெருமுனையில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறதாம். டிரைவருக்கு நீ லீவு என்று தெரியுமாம், இருந்தாலும் நிறுத்துகிறாராம்.

எனக்குத்தான் சரியில்லை. தெருவில் நடக்கும்போது ஏதாவது வண்டி பக்கத்தில் வந்து வேகம் குறைந்தால் பக்கத்துக் கடைப் படியில் ஏறி நின்றுகொள்கிறேன். லாட்ஜில் யாராவது முகத்தில் கர்சீப் கட்டிக்கொண்டு உள்ளே வந்தால், ஆதார் கார்டு கேட்பதற்கு முன் கர்சீப்பை எடுங்கள் என்று கத்திவிடுகிறேன். முந்தாநாள் ஒரு பெரியவர், மலையில் மொட்டை போட்டுக்கொண்டு சந்தனத் தலையோடு வந்தவர், மிகவும் கோபித்துக்கொண்டார். முதலாளி திருவேங்கடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாலு நாள் லீவு எடுத்துக்கொள் என்றார். லீவு எடுத்து அறையில் உட்கார்ந்தால் பயம் இரண்டு மடங்காகிறது. உன் கையைக் கிழித்தவன் இன்னும் பிடிபடவில்லை. நம் வண்டி நம்பரைப் பார்த்திருப்பான்.

வருகிறவர்கள் எல்லோரும் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். நானும் மனப்பாடமாகச் சொல்லிவருகிறேன். சித்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், பகல் பதினொரு மணி, பூதலப்பட்டு தாண்டி மாந்தோப்புப் பக்கம் வண்டியின் செயின் கழன்றுவிட்டது, நான் மெக்கானிக்கைத் தேடிப் போனேன், அந்த நேரம் பார்த்து ஒருவன் வண்டியை நிறுத்தி அவள் தாலிச் சரட்டில் கை வைத்தான், என் மனைவி ஜூடோ கற்றவள், அவனைத் தூக்கிப் போட்டுக் கழுத்தைப் பிடித்துவிட்டாள், கடைசியில் எப்படியோ பிடி நழுவி, அவன் கத்தியால் கையைக் கிழித்துவிட்டு ஓடிவிட்டான். இதைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் உன்னைப் புகழ்கிறார்கள். பிறகு என்னைப் பார்த்து, அடடா, நீங்கள் அங்கே இல்லாமல் போய்விட்டீர்களே என்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

உன் நைனாவும் போன் செய்தார். உங்கள் ஊர் குடுபல்லியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் போலிருக்கிறது. எம் மருமவன் மட்டும் அங்க இருந்திருந்தா அவன் உசுரோட போயிருக்க மாட்டான்னு சொல்லிக்கினு கீறேன்பா என்றார். நான் உம் கொட்டினேன்.

வியாழக்கிழமை உன் ஜூடோ மேடம் ஸ்வர்ணலதா வந்திருந்தார், வகுப்புப் பெண்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார்கள், நீ ஊரில் இருக்கிறாய் என்று தெரியாமல். நீ அவருக்கு அனுப்பிய மெசேஜைக் காட்டினார். என் கை எனக்கே துரோகம் பண்ணிடுச்சு மேடம், நான் இறுக்கித்தான் புடிச்சேன், அதுவா உட்டுடுச்சு, இந்தக் கைய நம்பி இனிமே கிளாசுக்கும் வரல, கேட் வேலைக்கும் போவல என்று எழுதியிருந்தாய். இடது கையால் எவ்வளவு நேரம் எடுத்து அதை அடித்திருப்பாய். மேடம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், நானும் ஏதோ பதில் சொன்னேன். அது கிடக்கட்டும். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

டாக்டர் பிசையச் சொன்ன ரப்பர் பந்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அனுப்பவா, இல்லை நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

அன்புடன்,
நரசிம்மன்


கொர்லகுண்டா, திருப்பதி
8.7.2025, செவ்வாய்

அன்புள்ள கன்னிகாவுக்கு,

முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வலது கையைக் கட்டிவைத்துக்கொண்டு எப்படி எழுதுவாய், அதுகூடத் தோன்றாமல் தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. பத்மினியை வாசிக்கச் சொல்லாதே.

நேற்று எஸ்.ஐ. ஹரிபாபு போன் செய்தார். ஒருவனைப் பிடித்து சித்தூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்களாம். அந்த ரோட்டில் இன்னும் மூன்று பெண்களிடம் சரடு அறுத்தவனும் அவன்தான் என்று சந்தேகப்படுகிறார்கள். ஆனால் ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும் கர்சீப் கட்டியிருப்பானாம். உங்கள் மனைவி பின்னாலிருந்து பிடித்ததால் முகம் தெரியவில்லை என்றார், நீங்கள் அங்கேயே இல்லை என்றீர்கள், பொருளும் கிடைக்கவில்லை, அடையாளம் காட்ட ஆள் இல்லாமல் எத்தனை நாள் உள்ளே வைத்திருக்க முடியும் என்று அலுத்துக்கொண்டார். உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லையா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை சார் என்றேன் இரண்டு முறையும். போனில் பேசினால் எனக்குப் பொய் தானாக வந்துவிடுகிறது. காகிதத்தில்தான் கொஞ்சம் தயங்குகிறது, அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நான் பார்த்தேன். அது உனக்கும் தெரியும்.

எந்த மெக்கானிக்கையும் நான் தேடிப் போகவில்லை. கை முழுக்க கிரீஸோடு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அவன் காணிப்பாக்கத்துக்கு வழி கேட்டபோது கையை நீட்டிக் காட்டியவனே நான்தான். நான் காட்டிய பக்கம் நீயும் திரும்பிப் பார்த்தாய், அப்போதுதான் சரட்டைப் பிடித்தான். நீ அவனைத் தூக்கிப் போட்டது என் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பார்த்தால் அவன் தரையில் உட்கார்ந்திருக்கிறான், நீ பின்னால் அவன் முதுகில் நெஞ்சை அழுத்தி உட்கார்ந்திருக்கிறாய், உன் வலது கை அவன் கழுத்தைச் சுற்றியிருக்கிறது. கர்சீப் தாடைக்குக் கீழே இறங்கிவிட்டது. முகம் நேராக என் பக்கம். பத்தடிகூட இருக்காது. கீழுதட்டில் இடப்பக்கம் ஒரு தடிப்பு. கண் பிதுங்கிப்போய் என்னைப் பார்த்தான், ஏதோ நான் அவனுடைய ஆள் போலவும் வந்து விடுவிக்க வேண்டும் என்பது போலவும். அவன் கத்தி, மாங்காய்க் காம்பு அறுக்கிற வளைந்த கத்தி, இடுப்பிலிருந்து விழுந்து எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. எனக்குத்தான் கிட்டத்தில். நான் சண்டை போட்டிருக்க வேண்டாம் கன்னிகா. காலால் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் போதும், பள்ளத்தில் போய் விழுந்திருக்கும். அதைக்கூடச் செய்யாமல் நின்றேன்.

அப்போது அவன் உன் கையை இரண்டு முறை தட்டினான். அவனுக்கு ஜூடோவும் தெரியாது ஒன்றும் தெரியாது. மூச்சு முட்டி அடித்துக்கொண்டான், அது தற்செயலாக, விடு என்று நீங்கள் வகுப்பில் தட்டுகிற இரண்டு தட்டாக விழுந்தது. உன் கை விட்டுவிட்டது. அவன் கத்தியின் மேல் பாய்ந்தான். நீ அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். நான் ஓடினேன்.

கரும்புச்சாறு கடை வரை ஓடினேன். வழியில் ஒரு செருப்பு கழன்றது. நின்று, குனிந்து, அதை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன். அவ்வளவு நிதானம் எனக்கு இருந்தது. அங்கே உனக்குக் கை அறுந்துகொண்டிருந்த நேரம் அது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. கடைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டபோது ரோட்டைக் காட்டினேன். ஆட்களோடு திரும்பி வந்தபோது நீ முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய்.

ஆஸ்பத்திரியில் எஸ்.ஐ. கேட்டதும் மெக்கானிக் என்று நான்தான் ஆரம்பித்தேன். அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமா சார், அவரு மெக்கானிக்க இட்டாரப் போயிருந்தாரு என்றாய் நீ. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். அங்கேயே நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருந்தால் அழுதுவிட்டாவது பிழைத்திருப்பேன். நீ காப்பாற்றிவிட்டாய், அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

இப்போது உன் கைக்கு வருகிறேன். மேடம் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். வீட்டில் யாரோடு பயிற்சி செய்வாள்? என்னோடுதான் மேடம் என்றேன். கழுத்துப் பிடி இறுகிய பிறகு தட்டுவீர்களா, அதற்கு முன்னாலேயா? இறுகிய பிறகுதான் மேடம் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

நான் எப்போது தட்டினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் நீ வகுப்பில் சேர்ந்ததும், வீட்டில் பழக ஆள் இல்லை என்று சொன்னாய். நான் வருகிறேன் என்று பெரிய மனுஷனாக ஒத்துக்கொண்டேன். இரண்டு மெத்தையையும் சேர்த்து விரித்து முதல் நாள் உட்கார்ந்தபோதே எனக்கு வியர்த்துவிட்டது. என் கழுத்தில் யார் கை வைத்தாலும் எனக்கு ஆகாது, உனக்குத்தான் தெரியுமே. சலூனில் கத்தி கழுத்துக்கு வந்தால் நாற்காலிக் கையைத் தட்டி, போதும் அண்ணா என்று எழுந்துவிடுகிறவன் நான். உன் கை தோளைத் தாண்டி வந்தாலே தட்டுவேன். இன்னாங்க, நான் இன்னும் புடிக்கவே இல்ல, அதுக்குள்ள தட்றீங்க என்று சிரிப்பாய். சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாய். எதிராளி இரண்டு தட்டு தட்டினால் அந்த நொடியே விட வேண்டும் என்பதுதானே மேடம் சொல்லிக் கொடுத்த முதல் சட்டம்.

வகுப்பு வாரத்தில் இரண்டு நாள். அங்கே மற்ற பெண்கள் பிடி இறுகி முகம் சிவந்த பிறகுதான் தட்டுவார்கள். மீதி ஐந்து நாளும் நான். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இருக்கும். இறுக்கும் முன்பே விடு, தொட்டால் விடு என்று ஆறு மாதம் உன் கைக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அன்று அவன் கழுத்தில் இருந்தது உன் கை, ஆனால் அதை விடச் சொன்னது நான். பயம் வருவதைத் தடுக்க முடியாது, பயத்தில் உடம்பு பழகியதைத்தான் செய்யும், அதனால் எதைப் பழக்குகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேடம் வகுப்பில் சொன்னதாக நீதான் ஒரு நாள் தோசை சுட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாய். உன் கை பழகியதைச் செய்தது. துரோகம் செய்யவில்லை. தயவுசெய்து அதை அப்படித் திட்டாதே. நானும் அந்த ஆறு மாதம் மெத்தையில் தப்பித்து ஓடுவதைத்தான் பழகியிருக்கிறேன் போல.

லாட்ஜில் தங்கியிருக்கிற ஒரு வக்கீலிடம், நண்பனுக்கு என்று சொல்லி விசாரித்தேன். நான் போய் உண்மையைச் சொன்னால் ஜெயிலில் அடையாள அணிவகுப்பு வைப்பார்களாம். ஏழெட்டுப் பேரை வரிசையில் நிறுத்துவார்கள், கிட்டே போய்க் கையால் தொட்டுக் காட்ட வேண்டுமாம். தூரத்தில் நின்று விரலைக் காட்டினால் போதாதா என்று கேட்டேன். உங்கள் நண்பர் ரொம்பப் பயந்தவரா என்று சிரித்தார்.

சொல்லாவிட்டால் அவன் வெளியே வருவான். அடுத்து யார் கழுத்திலோ கை வைப்பான். சொன்னால் நீ எனக்காகச் சொன்ன பொய்யும் சேர்ந்து வெளியே வரும். எஸ்.ஐ. உன்னையும் கேட்பார். உன் நைனாவுக்குத் தெரியும், குடுபல்லி முழுக்கத் தெரியும். அதனால் உன்னைக் கேட்காமல் போக மாட்டேன். இதுவும் தள்ளிப்போடுகிற தந்திரம் என்று நீ நினைத்தால், அதில் பாதி நிஜம். வேண்டாம் என்று நீ சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அதனாலேயே நீ அப்படிச் சொல்லிவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது.

சாப்பிடு. என் மேல் உள்ள கோபத்தைச் சோற்றின் மேல் காட்டாதே.

நரசிம்மன்


சித்தூர் பஸ் ஸ்டாண்டு
19.7.2025, சனி

அன்புள்ள கன்னிகாவுக்கு,

பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் மேல் வைத்து எழுதுகிறேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

பத்மினி போனிலிருந்து உன் ஒற்றைச் சொல் வந்தது. சொல்லு. அவ்வளவுதான் இருந்தது. அதற்குள் கோபம் இருக்கிறதா வேறு ஏதாவது இருக்கிறதா என்று அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

எஸ்.ஐ. முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினார். ஒரு மாதமாக ஏன் சொல்லவில்லை என்றார். ஓடிவிட்டேன் சார், வெட்கமாக இருந்தது என்றேன். பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிள் கீழே பார்த்துக்கொண்டார். நான் சொன்னதைத் தெலுங்கில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மனைவியை விட்டுவிட்டு ஓடிவிட்டேன் என்று எந்த மொழியில் கேட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, என் மானத்தைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய் அது, அவளை எதுவும் கேட்காதீர்கள் என்றேன். ஒரு வாக்குமூலம் மட்டும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும் என்றார்.

உன் நைனாவுக்கும் நானே போன் செய்தேன். வேறு யார் வாயிலிருந்தும் கேட்க வேண்டாம் என்று. செருப்பு எடுத்தது வரை சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, நாஷ்டா துன்னியா என்று கேட்டார். துன்னேன் மாமா என்றேன். அதுவும் பொய்தான், ஆனால் அன்று சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இன்று காலை பத்து மணிக்கு ஜெயிலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். திருப்பதியில் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து ஏழரைக்கே வந்து எதிர்க்கடையில் நின்றேன். இரண்டு முறை திரும்பிப் போய்விடலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, இரண்டு முறையும் திரும்பி வந்தேன். உள்ளே போலீஸ்காரர்கள் யாரும் வரவில்லை. மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண், சின்ன வயதுதான். நன்றாகப் பார்த்து, நிச்சயமாக இருந்தால் மட்டும் தொடுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று அவரே ஒரு வழியைத் திறந்துவிட்டது மாதிரி இருந்தது எனக்கு.

பத்துப் பேர் சுவரோரம் நின்றார்கள். எல்லோர் உதட்டுக்குக் கீழும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள், தடிப்பு தெரியக்கூடாது என்று. நான் நம்பி வந்த ஒரே அடையாளமும் போய்விட்டது. முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லோரும் சும்மா நின்றார்கள், சலிப்போடு. ஏழாவது ஆளின் முன்னால் வந்தேன். அவனும் முதலில் சலிப்போடுதான் நின்றான். என்னைப் பார்த்ததும் அந்தக் கண் வந்துவிட்டது. மாந்தோப்பில் உன் கைக்குள் இருந்தபோது என்னைப் பார்த்ததே, அந்தக் கண். நான் அங்கே இருந்தேன் என்பது உன்னைத் தவிர அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுக்கும் பயம், எனக்கும் பயம். என் கால் வாசல் பக்கம் திரும்பப் பார்த்தது. அது திரும்புகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதைத் திரும்ப விடாமல் அங்கேயே ஊன்றினேன். ஒரு கத்தி இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா நிற்பதற்கே எனக்கு அவ்வளவு பாடு.

கையை நீட்டி அவன் தோளைத் தொடத்தான் நினைத்தேன். என் கை தட்டிவிட்டது. இரண்டு தட்டு. ஆறு மாதமாக அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தட்டினால் அடுத்து என்ன, எழுந்து தப்பிக்க வேண்டும், அதுதான் பழக்கம். நான் கையை எடுக்கவில்லை. அவன் தோள் சூடாக இருந்தது, கையை வைத்தபடியே இருந்தேன். மாஜிஸ்ட்ரேட் எழுதி முடித்து, போதும், எடுத்துவிடுங்கள் என்றார். எனக்கு அது கேட்டது, ஆனாலும் எடுக்கவில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

வெளியே வந்து எதிர்க்கடையில் உட்கார்ந்தேன். எஸ்.ஐ. ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வழக்கு நடக்கும்போது கோர்ட்டிலும் வந்து சொல்ல வேண்டியிருக்கும், அவன் எதிரிலேயே சொல்ல வேண்டும் என்றார். ஒருநாள் தைரியசாலியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன், விட மாட்டார்கள் போலிருக்கிறது. பயம் போய்விட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். போகவில்லை. இப்போதுகூட ஒருவன் வண்டியை பெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான், பேனா கையிலிருந்து விழுந்துவிட்டது.

எதிரில் குப்பம் போகிற பஸ் நிற்கிறது. ஏறினால் சாயங்காலத்துக்குள் உன் வீட்டு வாசலில் இருப்பேன். நீ கூப்பிடாமல் வர மாட்டேன். ரப்பர் பந்தை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன், தினமும் பிசை. நேற்று மேடத்தைப் போய்ப் பார்த்து, அன்று சொன்னது பொய் என்று சொன்னேன். தெரியும் என்றார். வலது விரல்கள் முழுசாக மடங்காவிட்டாலும் இடது கையால் அந்தப் பிடியைப் புதிதாகப் பழகலாம், அந்தக் கைக்கு இன்னும் எதுவும் தப்பாகப் பழகவில்லை, சரியான ஆளோடு பழகினால் போதும் என்றார். சரியான ஆள் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் உனக்குப் பழக நல்ல பெண்கள் இருக்கிறார்கள். அவர்களோடு மட்டும் பழகினால் போதும் என்று நீ சொன்னாலும் சரிதான். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். மெத்தை இரண்டையும் வெயிலில் போட்டு எடுத்து, முன் அறையில் சேர்த்து விரித்து வைத்திருக்கிறேன். நீ வந்து இடது கையைப் போடு. நான் தட்டுவேன், என் கை அப்படித்தான், அதை நம்பாதே. தட்டியதும் விட்டுவிடாதே. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு விடு. நீ எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் எங்கேயும் ஓட மாட்டேன்.

உன் கை சீக்கிரம் குணமாக வேண்டும்.

நரசிம்மன்